குதிரைவீரனுக்குக் கோபம் வரவில்லை

கழுவிக் கஞ்சி போட்டுப் பலகையில் காயவைத்திருந்த மனைவியின் கிமோனோத் துணிமேல் மைக்கிண்ணத்தைக் கவிழ்த்தார் ஓவியர் ரியோகெய். கை தவறி அல்ல, வேண்டுமென்றேதான். பாவி மனுஷன், அது அவள் ஆசை ஆசையாக வைத்திருந்த துணி.

அவருக்கு வேறு வழி தெரியவில்லை. சிறுவர் திருநாள் வந்தால் எடோ நகரம் முழுக்கக் குதிரைவீரன் படம்தான் விற்கும். அதற்கு அவர் வரைந்து கொடுத்ததை, அச்சுப்படம் போட்டு விற்கும் ஸென்பெய் காலையில் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். மனைவி ஒகினு ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே அவர் மானத்தையும் வாங்கினார்.

"குதிரைக்கு இருக்கிற கோபம்கூட மேல உக்காந்திருக்கிறவனுக்கு இல்லையே ஐயா. இவன் சண்டைக்குப் போறானா, செர்ரிப்பூ பாக்கப் போறானா?"

மரத்தில் படத்தைச் செதுக்குபவர் உளியோடு காத்திருக்கிறாராம். சாயங்காலத்துக்குள் சரியான முகம் வராவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். ரியோகெய் பழையபடி குடைகளில் பூப்போடப் போகவேண்டியதுதான்.

கோபமான முகத்துக்கு அவர் எங்கே போவார்? கல்யாணமான நாளிலிருந்து ஒகினு முகம் சுளித்துக்கூடப் பார்த்ததில்லை. அதனால்தான் அந்த மை.

பலித்தது. துணியைப் பார்த்த ஒகினுவின் புருவம் ஏறியது, மூக்கு விடைத்தது. அவரில் தொடங்கி அவருடைய பாட்டன் பூட்டன் வரை இழுத்துவைத்துத் திட்டினாள். ரியோகெய் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துப் பார்த்து, மடியிலிருந்த தாளில் தூரிகையை ஓட்டினார்.

வெயில் நகர்ந்து அவள் முகத்தில் நிழல் விழுந்தது. ஒகினு திட்டிக்கொண்டே ஜன்னல் பக்கமாகத் தள்ளி நின்றுகொண்டாள்.

மாலையில் தன் கடையில் படத்தைப் பார்த்த ஸென்பெய் பயந்து ஓர் அடி பின்வாங்கினார். அப்புறம் வாயெல்லாம் பல்லாக, புத்தாண்டுப் படத்தையும் ரியோகெய்தான் வரையவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வேலை தங்கியது, மனசுதான் தாங்கவில்லை. அப்படிப்பட்டவளை அழவைக்காத குறையாகப் பண்ணிவிட்டோமே என்று வழியெல்லாம் தன்னைத்தானே நொந்துகொண்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் பாயில் மண்டியிட்டு, மையை வேண்டுமென்றேதான் கொட்டினேன், மன்னித்துவிடு என்று நெற்றியைத் தரையில் வைத்தார்.

ஒகினு இரண்டு கைகளாலும் தன் கன்னங்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"முகமெல்லாம் வலிக்குதுங்க. அடுத்த படத்துக்காவது சிரிக்கிற ஆளா வரையுங்க."