சிவப்புப் பட்டன்

பதுளை பஜாரில் மழை பிடித்துக்கொண்ட மத்தியானம். அலவியின் ரேடியோக் கடையில் பகலிலேயே டியூப்லைட் எரிகிறது. மேசைமேல் இரண்டு டேப் ரெக்கோடர்கள். துவாயில் சுற்றி வந்திருக்கும் பழையது, நமுனுகுல தோட்டத்து அங்கமுத்துவுடையது. இனித் திருத்த முடியாதென்று அலவி கைவிரித்துவிட்டார். பக்கத்தில் அதே ஜப்பான் கம்பெனியின் புது செட், வெள்ளி நிறத்தில் பளபளக்கிறது. அங்கமுத்து அதன் பட்டன்களை ஒவ்வொன்றாகத் தடவுகிறான். பழையதில் அமுக்கி அமுக்கித் தேய்ந்த சிவப்புப் பட்டன் இதில் இல்லை. “இதுல எப்படிங்க மொதலாளி பேசிப் பதியிறது?” “ரெக்கோடிங்க கம்பெனிக்காரன் எடுத்துட்டான். இனி ஆருக்குத் தேவ, எல்லாம் சீடிதானே” என்கிறார் அலவி. அங்கமுத்துவுக்குக் கோபம் வருகிறது. “கேக்க மட்டும் வச்சாப் போதுமா? திருப்பிப் பேச எங்களுக்கு ஒண்ணுமில்லேன்னு அவனுக்கு யாரு சொன்னது?”

குவைத்தில் வேலை செய்யும் அவன் மனைவி தவமணி, கடிதம் எழுதுவதற்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கசெட்டை அலவி பழையதிலிருந்து எடுத்துப் புது செட்டில் போடுகிறார். குரல் அவ்வளவு தெளிவு. அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. “சாப்பிட்டீங்களா?” என்கிறாள். கேட்டுவிட்டு, எதிரே ஆள் இருப்பதுபோல் கொஞ்சம் நிறுத்துகிறாள். நாடா மட்டும் சுற்றுகிறது. கூரைத் தகரத்தில் மழை. அங்கமுத்து குனிந்து, பட்டன் இல்லாத வெற்றிடத்தில் விரலை அழுத்திக்கொண்டு, “சாப்பிட்டேன் புள்ள” என்கிறான். அதற்குள் அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.