முனவ்வரின் பிளேன்

“முஹைதீன், பின்னேரம் அஸர் தொழுத கையோட மையித்தை எடுக்கிறது. இனிப் பொறுக்க ஏலாது” என்றார் பள்ளிவாசல் தலைவர் என்னிடம்.

அவரில் பிழை சொல்ல முடியாது. என் கூடப்பிறந்த ராத்தா மௌத்தானது நேற்றுப் பின்னேரம். எங்கள் மன்னார்த் தாராபுரத்தில் ஜனாஸாவை இவ்வளவு நேரம் வீட்டில் வைத்திருப்பது வழக்கமில்லை.

முனவ்வருக்காகத்தான் வைத்திருந்தோம். ராத்தாவின் ஒரே மகன். வளைகுடா நாடொன்றில் இரும்புப் பட்டறையில் வேலை செய்கிறான்.

பெண் ஜனாஸாவைக் கபுர்க் குழிக்குள் இறங்கி வாங்க வேண்டியது நெருங்கிய ஆண் உறவு. ராத்தாவின் புருஷன், என் மச்சான், எப்போதோ மௌத்தாகிவிட்டார். “எண்ட பிள்ளதான் என்னை இறக்கோணும்” என்று படுக்கையில் கிடந்தும் ராத்தா அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரவு பிளேன் ஏறி விடியக் கொழும்பில் இறங்குவான், மத்தியானம் வீட்டில் நிற்பான் என்று சொன்னது அவனுடைய தங்கச்சி றினோஸா. விடிந்ததும், பிளேன் பிந்துகிறதாம் என்றாள். மத்தியானம் லுஹருக்குக் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள்.

யாரும் சந்தேகப்படவில்லை. அது அந்தப் பிளேன் அல்லவா!

அந்த நாட்டு அரசாங்கத்தின் பெரிய விமானக் கொம்பனி, தன் பெயர் கெடாமல் கூலிக்காரரை ஏற்றி இறக்குவதற்கென்றே ஒரு சின்னக் கொம்பனி வைத்திருக்கிறது. டிக்கட் மலிவு. உள்ளே குடிக்கிற தண்ணீருக்கும் காசு. இரண்டுக்கும் முதலாளி ஒருவன்தான், ஆனால் பெரியது நேரத்துக்குப் போகும், சின்னது நினைத்த நேரத்துக்குப் போகும். உழைக்கப் போன எங்கள் பெடியன்கள் எல்லாரும் அதில்தான் போய் வருகிறார்கள்.

எனக்குப் பொறுமை பிறவியிலேயே இல்லை. வளவுக்குப் பின்னால் போய், மன்னார் டவுனில் டிக்கட் போட்டுக் கொடுக்கிற மில்ரனுக்குப் போன் அடித்தேன்.

“மையித்தைக் கிடத்தி வச்சுக்கொண்டு நிக்கிறம். எங்கயடாப்பா உங்கட பிளேன்?”

“நானா, அது கிழமையில ரெண்டு நாள்தான் இஞ்ச வாறது. நேத்தும் இல்ல, இண்டைக்கும் இல்ல.”

எனக்குக் காது சூடேறியது. பெற்ற தாயின் மையித்தை வைத்துக்கொண்டு விளையாடுகிறானா இவன்? உடனே முனவ்வருக்கு எடுத்தேன். மீன் வாடியில் ஏலம் கூறிப் பழகின வாய் என்னுடையது. ஏசுவதற்குச் சொல் தேடத் தேவையில்லை.

ஆனால் அவன் பேசினதைக் கேட்ட பிறகு “சரி மகன்” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

முற்றத்துக்கு வந்தேன். கதிரைகளில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். றினோஸா உள்வாசலில் நின்றாள். அவள் முகம் வெளிறிக் கிடந்தது.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் அதற்கு மெல்ல வேறு ஏதாவது கொடுக்கலாம்.

“கோதாரி விழுந்த பிளேன்!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். “எஞ்சின் பழுதாம். இண்டைக்கு வரவே வராதாம். பெரிய பிளேனுக்கு ஒண்டும் வராது, ஏழை ஏறினா மட்டும் பழுதாப் போகும். நாசமாப் போவான்கள்! பெத்த உம்மாட முகத்தைப் பாக்க விடேல்லையே!”

அது போதும். ஒருவர் தன்னுடைய பெட்டி தொலைந்த கதையைத் தொடங்கினார். இன்னொருவர், மருமகன் ஒரு ராத்திரி முழுக்க விமான நிலையத்தில் வெறுந்தரையில் படுத்த கதையைச் சொன்னார். பள்ளித் தலைவர்கூட அந்தக் கொம்பனிக்கு இரண்டு சொல் ஏசினார். பிறகு எல்லாருமாக, ராத்தாவைக் கிடத்தின சந்தூக்கைத் தூக்கினோம்.

கபுருக்குள் நான்தான் இறங்கினேன். முழங்கால் வருத்தக்காரன் என்று ஆட்கள் தடுத்தார்கள், நான் கேட்கவில்லை. ராத்தாவைக் கையில் வாங்கினபோது அழுதுவிட்டேன். “உண்ட மகன் இல்ல ராத்தா, நான்தான்” என்று அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னேன்.

அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து திரும்பி வந்தபோது றினோஸா குசினிக்குள் அடுப்படியில் தனியாக இருந்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

“உண்ட நானா முனவ்வர் என்னட்ட முதல்ல என்ன கேட்டான் தெரியுமா? ‘உம்மாவை நேத்து ராவே அடக்கியிருப்பீங்க, கபுருக்குள்ள இறங்கினது ஆர், மாமா’ எண்டு கேட்டான். முதலாளி பாஸ்போட்டைத் தரேல்ல, வர ஏலாது எண்டு முந்தாநாளே உனக்குச் சொல்லிட்டானாம். அவன்ட தலையில பழி விழப் பாத்துதே! தெரிஞ்சுகொண்டு ஏன் மகள் மையித்தைக் காக்க வச்ச?”

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். அழுகை அடங்க நேரம் எடுத்தது.

“உம்மா கண்ணை மூட முன்னுக்கு, நானா வாறானா எண்டு கேட்டவ மாமா. ஓம், வெளிக்கிட்டிட்டார் எண்டு சொல்லிப்போட்டன். சிரிச்சவ.”

நான் தண்ணீர் வார்த்து அவள் கையில் கொடுத்தேன்.

“அதுக்குப் பிறகு, உம்மா கிடக்கிற வீட்டுக்குள்ள நிண்டு, வர மாட்டார் எண்டு எப்பிடி மாமா சொல்லுற?”