எண்ணெய்ப் பிசுக்கு

மகன் வாங்கி அனுப்பிய சினிமா டிவிடி முதல் காட்சியிலேயே கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. புதுத் தட்டில் தொழிற்சாலை எண்ணெய் ஒட்டியிருக்கும், சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள் என்று போனில் சொன்னான். எஸ்தர் கழுவி, நடுவிலிருந்து விளிம்புவரை மெல்லத் துடைத்துப் போட்டாள். படம் தடங்கலில்லாமல் ஓடியது. கதாநாயகியின் மூக்குத்திகூடப் பளிச்சென்று தெரிந்தது.

"எண்ணெய் இன்னும் போகலியே எஸ்தர்," என்றார் அவள் கணவர் தங்கையா. "முகமெல்லாம் கலங்கலா இருக்கு."

இன்னொரு தடவை கழுவிக் கொண்டுவந்து போட்டாள். அவர் அதையேதான் சொன்னார். கொஞ்ச நாளாக அவர் பேப்பரைப் பிரிக்காமலே ஒதுக்கி வைப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஆமாங்க, லேசா இருக்கு. இந்தத் தடவை போயிரும்."

பிளேயரிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு போய், சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதோ போடறேங்க," என்று வந்தாள்.

"குரல் ஏன் கம்மியிருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க."

தங்கையா டிவி பக்கம் திரும்பினார்.

"இப்ப நல்லாத் தெரியுது. நீ வந்து பக்கத்துல உக்காரு," என்றார்.

தட்டு இன்னும் அவள் கையில்தான் இருந்தது.