நீவிவிடும் உறை

மார்பில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து ரெஜினாவுக்கு வலது கையில் நிணநீர் தேங்கி வீங்கிவிடும், கண்ணுகளா. அவள் வீட்டுக்காரர் சூசையப்பன்தான் கழுத்தில் தொடங்கி, வாழையிலையைத் துடைப்பதுபோல அத்தனை மெதுவாக நீவிவிடுவார். அவள் கையில் கழுத்துவரை மாட்டும், தானே நீவிவிடும் இயந்திர உறை ஒன்று வாங்கினார்கள். அது அவர் நீவுகிற விதத்தை அப்படியே படித்துக்கொண்டது. பிறகு அவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. இப்போது உறைதான் நீவிவிடுகிறது.

“நல்லா இருக்கா?” என்று கேட்டார்.

“உங்க கைதானே, இருக்காதா?”

“என் கை இங்கதானே இருக்கு.” நடுங்கும் கையைக் காட்டினார்.

“உங்க கைமேல உங்களுக்கே பொறாமையா?”

ரெஜினா உறையைக் கழற்றி வைத்தாள். அவர் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள். அது தடுமாறித் தடுமாறித் தோளுக்கு வந்தது.

“உறை மாதிரி வரலையே” என்றார்.

“வரலதான்.”

“அப்போ கையை எடுத்துடட்டுமா?”

“எது வேணும்னு எனக்கே புரியலைங்க. ஆனா எடுக்காதீங்க.”