எச்சில்பட்ட சுருதி

அந்த ஆள் மார்த்தாளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் அவன் பார்வை வந்து அங்கே உட்கார்ந்தது, பலாச்சுளையில் ஈ உட்காருவதுபோல. அவளுக்கு உடம்பு கூசியது.

எல்லப்பன் என்று பெயர். ஆர்மோனியம் பழுது பார்க்கக் காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்தவன். வந்ததும் சேற்றுச் செருப்போடு நேராகச் சர்ச்சுக்குள் நுழைந்தான்.

“யோவ், செருப்பக் கயட்டிட்டுப் போய்யா!”

அவன் முதுகுக்குப் பின்னால் நின்று மார்த்தாள் மூன்று தரம் கத்தினாள். அந்த மகாராஜன் திரும்பவே இல்லை. உள்ளே ஆர்மோனியத்தின் முன் இருந்த சாமுவேல் அவன் காலைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் கழற்றினான்.

இந்த மனுஷன் சொல்லப்போகும் சொல்லில்தான் அவள் மானமே இருந்தது. பதினாறு வருஷமாக அந்தச் சர்ச்சில் பாட்டைத் தொடங்குகிறவள் மார்த்தாள். ஆறு மாதமாக ஒரே ஓர் இடத்தில் அவள் குரலும் ஆர்மோனியமும் முட்டிக்கொண்டன. ஆர்மோனியப் பெட்டி வாசிக்கிற சாமுவேல் சபைக்கு முன்னாலேயே சொல்லிவிட்டான்.

“அக்காவுக்குத் தொண்ட பூடிச்சி. அறுப்புப் பண்டிகைக்கு எங்க வூட்டு ராணியம்மாள் பாடட்டும்.”

கோளாறு பெட்டியிலா, தொண்டையிலா என்று பார்த்துச் சொல்லத்தான் போதகர் எல்லப்பனை வரவழைத்திருந்தார். விடிந்தால் பண்டிகை.

எல்லப்பன் பையிலிருந்து இரண்டு கால் உள்ள எஃகுக் கவை ஒன்றை எடுத்தான்.

“இது டியூனிங் போர்க்கு அக்கா,” என்றான் சாமுவேல், தானே வார்த்தெடுத்தவன்போல. “எப்பத் தட்டினாலும் ஒரே சுருதி. பொய் சொல்லாது.”

எல்லப்பன் கவையை முழங்காலில் தட்டினான். அதன் காம்பைக் காவிப் பற்களுக்கு நடுவே கவ்விக் கண்ணை மூடிக்கொண்டான். கடைவாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது.

அதோடு விட்டானா? சாமுவேலைத் துருத்தி போடச் சொல்லி, ஒரு கட்டையை அழுத்தினான். ஈரம் சொட்டும் கவையை மறுபடி தட்டிப் பெட்டியின் மேல் ஊன்றினான். பிறகு குனிந்து பெட்டியின் விளிம்பையே கடித்தான், எலும்பைக் கவ்விய நாய் மாதிரி.

வெள்ளைக்காரத் துரையம்மா கப்பலேறும்போது விட்டுப்போன பெட்டி அது. சனிக்கிழமை தவறாமல் மார்த்தாள் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கிற தேக்கு. அதில் அவன் எச்சில் பளபளத்தது.

“த்தூ! இன்னா தம்பி இவன்? சோறு துன்னாம வந்துட்டானா? கட்டையத் துன்றான்!”

“சும்மா இரு அக்கா. டவுன்ல இப்பிடித்தான் பாப்பாங்களோ இன்னாவோ.”

எல்லப்பன் தலையைத் தூக்கினான். மறுபடியும் அவள் உதட்டையே பார்த்தான். சீ என்று முந்தானையை இழுத்து மூக்குவரை மூடிக்கொண்டாள்.

“பெட்டியா, என் தொண்டையா? சொல்லித் தொலைய்யா.”

அவன் பையிலிருந்து ஒரு துணியை எடுத்தான். இன்னொரு தரம் கேட்டாள். அவன் கவையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். சாமுவேலும் இவனும் கூட்டு என்று அவளுக்கு உறுதியாகிப்போயிற்று. இந்த எச்சில் வாயிலிருந்தா தனக்கு நியாயம் வரப்போகிறது?

எல்லப்பன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு சாமுவேலிடம் திரும்பினான். சர்ச்சே அதிரும்படி சொன்னான்.

“பெட்டிதாம்பா! இந்த ஒரு கட்டையோட ரீடு மட்டும் அயுக்கு ஏறி சுருதி எறங்கிக் கீது. இத்த வெச்சிக்கினு யாரு பாடினாலும் ஒட்டாது. பாடறவங்க மேல குத்தம் இல்ல!”

துருத்தியின் மேல் சாமுவேலின் கை அப்படியே நின்றது.

மார்த்தாளுக்கு நெஞ்சு நிறைந்தது. அவன் மேல் அருவருப்பு மட்டும் தீரவில்லை. முந்தானையை விலக்காமலே எரிந்து விழுந்தாள்.

“அத்தக் கேட்டப்பவே சொல்றதுக்கு இன்னாய்யா? வாயில இன்னா கொயுக்கட்டையா வெச்சிக்கினு இருந்த?”

எல்லப்பன் அவள் முகத்தை மூடியிருந்த துணியைப் பார்த்தான். சங்கடத்தோடு கையைக் கூப்பினான்.

“முந்தானைய எடுத்துட்டுச் சொல்லும்மா. காது செத்துப் பத்து வருசமாச்சி. சுருதின்னா பல்லுல கேக்கும், பேச்சு உதட்டப் பாத்தாத்தான் தெரியும்.”