வேறு வேறு

"என் பேருல ஒரு புள்ளி குறையுதுண்ணே" என்றாள் அவள், இரண்டு வலிக்கு நடுவே மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து.

நான் எழுதிக் கட்டிய பெயர்ப் பட்டை அது.

நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். புள்ளிகள் இன்னும் என் கைக்கு அடங்கவில்லை.

"பிள்ளையோட வீட்டுக்குக் கிளம்புறப்போ சரியா எழுதித் தரேம்மா."

இந்த நாட்டுக்கு நான் கல் சுமக்க வந்தவன். மூடிக் கிடந்த பள்ளிக்கூடம் ஒன்றில் பல தேசத்து டாக்டர்கள் வந்து பிரசவ முகாம் போட்டிருந்தார்கள். லீவு நாளில் போய் நிற்பேன். கட்டில் தூக்குவேன், தண்ணீர் சுமப்பேன். நம் பெண்கள் வந்தால் டாக்டரம்மாவுக்கும் அவர்களுக்கும் நடுவே நின்று பேசுவேன். பட்டையில் எண்ணை டாக்டரம்மா எழுதுவார். பெயரை நான்.

அவள் கணவன் வெல்டர். காலையிலிருந்து வாசலில் நின்றுகொண்டே இருந்தான். நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன். அதில் அவன் உட்காரவே இல்லை.

பத்து மணிக்கு அவளைக் கரும்பலகை இருந்த அறைக்குள் கொண்டுபோனோம்.

பதினொன்றரைக்கு, ரத்தம் நிற்கவில்லை, தண்ணீர் கொண்டுவா என்றார்கள். நான்கு வாளி கொண்டுபோனேன். நான்கும் சிவப்பாகத் திரும்பி வந்தன.

பன்னிரண்டரைக்கு டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். என்னிடம் ஒரே ஒரு வரி சொன்னார். போய்ச் சொல் என்று வாசலைக் காட்டினார்.

வாசலுக்கு முப்பது அடி இருக்கும். எப்படிச் சொல்வது என்று வழி நெடுக அடுக்கிக்கொண்டே போனேன்.

அவன் முந்திக்கொண்டான்.

"என்னண்ணே, வேற வேற ஆயாச்சா?"

நம்மவர்கள் எல்லாரும் கேட்பதுதான். தாய் வேறு, பிள்ளை வேறு. அப்படிப் பிரிந்துவிட்டால் நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம்.

நான் அடுக்கி வைத்தது அத்தனையும் சரிந்தது.

"ஆயிடுச்சுப்பா. பொம்பளப் பிள்ளை."

அவன் என்னைக் கட்டிக்கொண்டான். தீப்பொறி பட்டுப் பொத்தல் பொத்தலாயிருந்த சட்டை. சுட்ட இரும்பின் வாசனை. அறைக்குள்ளிருந்து குழந்தை வீறிட்டது.

"கேட்டீங்களா! அவ வாய் அப்படியே வந்திருக்கு" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே மாமியாருக்குப் போன் போட வெளியே ஓடினான்.

நான் கூப்பிட்டிருக்கலாம்.

உள்ளே போனேன். டாக்டரம்மா எண் போட்டு இரண்டு பட்டைகளை நீட்டினார். இரண்டிலும் அவள் பெயரைத்தான் எழுத வேண்டும். ஒன்றில் மட்டும் பெயருக்குப் பின்னால் 'மகள்' என்று சேர்க்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே அவன் போனில் கத்துவது கேட்டது. "ரெண்டு உயிரும் வேற வேற ஆயிடுச்சு அத்தே!"

முதல் பட்டையை எழுதிக் குழந்தையின் கையில் கட்டினேன்.

மற்றதை நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். இந்தத் தடவை புள்ளியை விடவில்லை.

அதை அவள் கால் கட்டைவிரலில் கட்டினேன்.