ஆறு மணிவரை சண்டை

மாலை ஆறு மணிக்கு ஜெசிந்தாவின் தகுதிகாண் காலம் முடிகிறது. மனநிலையை அளக்கும் மணிக்கட்டுப் பட்டையில் அதுவரை பச்சை எரிந்தால் ஹெல்சின்கி முதியோர் இல்லத்தில் வேலை நிரந்தரம். ஊர் ஏக்கம் கூடினால் சிவப்பு, மறுநாளே விமானம். கோபத்தைப் பட்டை கணக்கில் எடுப்பதில்லை. அதனால் நாகர்கோவிலிலிருந்து கணவன் எட்வின் அழைக்கும்போதெல்லாம் இருவரும் பேசிவைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள்.

இன்றும் அழைத்தான்.

"உன் சமையல் இல்லாம வயிறு நிம்மதியா இருக்குட்டி."

"உங்க குறட்டை இல்லாம நானும்தான் நல்லா தூங்குறேன்."

"பிள்ளகூட இப்போ உன்னைத் தேடுறதில்ல."

அவள் அவசரமாகப் பட்டையைப் பார்த்தாள். பச்சைதான்.

மணி ஆறானது. பட்டை தானாகக் கழன்றது.

"வேலை கிடைச்சாச்சு! இனி சண்டை வேண்டாம். ஆசையா ஏதாவது சொல்லுங்க."

"சரி, வச்சிரட்டா?" என்றான் எட்வின்.

"ஏங்க, இவ்வளவு நாளும் நடிச்சோம்தானே?"